சாயத் தண்ணீரும் டைட்டானியப் பொடியும்: ஒரு மொட்டை மாடிக் கணக்கு

கல்லூரி அறிவியல் கண்காட்சிகளில் ஒரு மேசையாவது இதற்கென்று இருக்கும். ஒரு பீக்கரில் அடர்நீலத் தண்ணீர், பக்கத்துப் பீக்கரில் தெளிந்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவே சிறு குப்பியில் வெள்ளைப் பொடி. ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும், நானோ துகள்களாலான ஒளிவினையூக்கியைக் கலந்து வெயிலில் வைத்தால் சாயக் கழிவுநீர் தூய நீராகிவிடும் என்று மாணவர்கள் விளக்குவார்கள். வடசென்னையில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருக்கும் நான் அந்தப் பொடியை ஆய்வகத்தில் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். அது நிறத்தை அழிப்பது உண்மை. ஆனால் நிறம் அழிவதும் நீர் தூய்மையாவதும் ஒன்றல்ல என்பதையும், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதையும் எண்களோடு எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இந்தப் பகுதிக்கும் துணிக்குமான உறவு பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி ஐரோப்பாவுக்கு அனுப்பிய பருத்தித் துணிகள் வண்ணாரப்பேட்டைப் பக்கம்தான் வெளுக்கப்பட்டன. கவர்னர் காலெட் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெசவாளர்கள் காலடிப்பேட்டையில் குடியமர்த்தப்பட்டார்கள். பெரம்பூரில் 1876இல் பக்கிங்ஹாம் ஆலையும் 1881இல் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. பின்னி மில் என்று எல்லோரும் அழைத்த அந்த வளாகம் 1996இல் மூடப்பட்டது. இன்று இங்கே எஞ்சியிருப்பவை பெரிய ஆலைகள் அல்ல, சேலைக்கு ஏற்ற நிறத்தில் லைனிங் துணிக்கும் துப்பட்டாவுக்கும் சாயம் ஏற்றித் தரும் சிறு கடைகள். பழைய வண்ணாரப்பேட்டையில் அப்படி ஒரு கடை நடத்தும் பாய் ஒருவர், நான் கேட்கும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் ஒரு கேன் சாயத் தண்ணீரைக் கொடுத்தனுப்புவார். இந்தப் பதிவில் வரும் கவனிப்புகளில் பெரும்பகுதி அந்தக் கேன்களிலிருந்து வந்தவை.

பருத்திக்கு இன்று மிகுதியாகப் பயன்படுபவை ரியாக்டிவ் சாயங்கள். இவை துணியின் செல்லுலோஸுடன் வேதிப்பிணைப்பு கொள்வதால்தான் சலவையில் எளிதில் போவதில்லை. ஆனால் தொட்டியில் செல்லுலோஸைப் போலவே நீரும் சாயத்துடன் வினைபுரிகிறது; நீருடன் வினைபுரிந்துவிட்ட மூலக்கூறு பிறகு துணியில் பிணைவதில்லை. சாயத்தையும் முறையையும் பொறுத்து, போட்டதில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை இப்படித் துணியில் ஏறாமல் தண்ணீரோடு வெளியேறுகிறது. அதோடு, சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதற்காக லிட்டருக்குப் பல பத்து கிராம் கிளாபர் உப்போ (சோடியம் சல்ஃபேட்) சாதாரண உப்போ சேர்க்கிறார்கள். பிணைப்பு நிகழ்வதற்காகச் சலவைச் சோடாவைப் போட்டு, அமில-கார அளவான பி.எச்.சைப் பத்துக்கு மேல் உயர்த்துகிறார்கள். எனவே கடையிலிருந்து வெளியேறுவது நிறமேறிய தண்ணீர் மட்டுமன்று. கடல்நீருக்குக் கிட்டத்தட்ட இணையான உப்பும், சோடாவின் கார்பனேட்டும், துணியிலிருந்து கழன்ற கஞ்சியும், சோப்பும் அதில் உண்டு.

நல்ல சாயம் என்பதற்கு நாம் வைத்திருக்கும் இலக்கணமே வெயிலுக்கு வெளுக்காமல், சோப்புக்குக் கரையாமல், வியர்வைக்கு மாறாமல் இருப்பதுதான். துணியில் நாம் மெச்சுகிற அந்தக் குணமே கழிவுநீரில் தலைவலியாகிறது. வழக்கமான சுத்திகரிப்பில் காற்று ஊட்டி வளர்க்கப்படும் நுண்ணுயிரிகள் இந்த மூலக்கூறுகளை எளிதில் உண்பதில்லை. காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் அசோ சாயங்களின் இரட்டை நைட்ரஜன் பிணைப்பை உடைத்து நிறத்தைப் போக்கிவிடும். ஆனால் அவ்வாறு உடையும்போது அரோமாட்டிக் அமீன்கள் உண்டாகின்றன, அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அத்தகைய அமீன்களாக உடையக்கூடிய அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனி தடை செய்ததற்கும், பின்னர் இந்தியாவும் அதே வழியில் சென்றதற்கும் காரணம் அதுவே.

இனி வெள்ளைப் பொடிக்கு வருவோம். அது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு; நம் வீட்டுச் சுவரில் பூசும் வெள்ளைப் பெயின்டிலும் இருக்கும் அதே சேர்மம். ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையின் மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிளக்கலாம் என்று 1972இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு உந்துதல். அனடேஸ் என்ற படிக வடிவில் இதன் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது ஏறத்தாழ 388 நானோமீட்டரைவிடக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளி பட்டால், கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவி, தான் இருந்த இடத்தில் ஒரு துளையை விட்டுச் செல்லும். அந்தத் துளை நீரிடமிருந்தோ ஹைட்ராக்சைடிடமிருந்தோ எலக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்ற, தீவிரமாக வினைபுரியும் மூலக்கூறுத் துணுக்கை உருவாக்குகிறது. மேலே தாவிய எலக்ட்ரானோ கரைந்துள்ள ஆக்சிஜனைப் பற்றிச் சூப்பர் ஆக்சைடாக்குகிறது. ஹைட்ராக்சில் தனியுறுப்பு ஓசோனைவிட வலிய ஆக்சிஜனேற்றி. எதிரில் இருப்பது சாயமா, சோப்பா, கஞ்சியா என்று அது பார்ப்பதில்லை, அகப்பட்டதைத் தாக்கும். அதன் ஆயுளும் மிகக் குறைவு என்பதால் துகளின் பரப்பை ஒட்டிய இடத்திலேயே எல்லாம் நடந்து முடிகிறது.

நானோ அளவு தேவைப்படுவதும் இந்தப் பரப்புக்காகத்தான். ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் பி25 என்ற வணிகப் பொடியின் முதன்மைத் துகள்கள் ஏறத்தாழ 21 நானோமீட்டர். ஒரு கிராமுக்கு 50 சதுர மீட்டர் பரப்பு உண்டு. அதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு அனடேஸ், மீதி ரூட்டைல் என்ற இன்னொரு படிக வடிவம். துகள் சிறிதாக இருப்பதில் இன்னொரு நன்மை, எலக்ட்ரானும் துளையும் பரப்புக்கு வந்துசேரக் கடக்க வேண்டிய தொலைவு குறைவு என்பது. அப்படியிருந்தும் பெரும்பாலான எலக்ட்ரான்-துளை இணைகள் பயனேதும் இன்றி மீண்டும் ஒன்றுசேர்ந்து வெப்பமாக வீணாகின்றன. இந்த வீணே பின்னால் வரும் கணக்கை ஆட்டிப்படைக்கிறது. பெயின்டுக்கென விற்கும் பொடியை மலிவாக வாங்கிப் பயன்படுத்தலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெயின்டுப் பொடி பெரும்பாலும் ரூட்டைல். அதன் மேல் அலுமினாவும் சிலிக்காவும் மெல்லிய பூச்சாக ஏற்றப்பட்டிருக்கும். பூச்சின் நோக்கமே ஒளிவினையைத் தடுப்பதுதான். அது இல்லையென்றால் பெயின்டின் ரெசின் வெயிலில் சிதைந்து, சுவரைத் தொட்ட கையெல்லாம் வெள்ளையாகிவிடும்.

கண்காட்சி மேசையின் நீலம் எப்போதும் மெத்திலீன் புளூ என்ற சாயமாக இருப்பதில்தான் எனக்கு முதல் மறுப்பு. அது மலிவு, நன்றாகக் கரையும், ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் 664 நானோமீட்டரில் அழகான உச்சியைக் காட்டும். ஆனால் பருத்திக்குச் சாயமேற்றும் கடையில் அதற்கு வேலையில்லை. அதைவிட முக்கியமாக, அந்த உச்சி தாழ்வதற்கு மூலக்கூறு அழிய வேண்டும் என்பதில்லை. அதன் மெத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்றாலே உச்சி குறுகிய அலைநீளத்தின் பக்கம் நகர்ந்துவிடும். 664இல் மட்டும் அளப்பவருக்கு அது சிதைவுபோலத் தெரியும். எலக்ட்ரான் பெற்று நிறமற்ற வடிவத்துக்கு மாறவும் அதனால் முடியும். காற்று பட்டால் அந்த வடிவம் திரும்பவும் நீலமாகும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் எங்கள் பொடி வேலை செய்கிறது என்று இச்சாயத்தைக் கொண்டு நிறுவுவது இன்னும் பலவீனமான வாதம். ஒளியை உறிஞ்சுவது பொடியாக இராமல் சாயமாகவே இருக்கலாம், சாயமே தன் எலக்ட்ரானைப் பொடிக்குள் செலுத்தித் தானே சிதையலாம். அதைச் சோதிக்க ஃபீனால் போன்ற நிறமற்ற சேர்மத்தை எடுத்துக்கொள்வதே நேர்மையான வழி.

சாயம் சிதையாமல் பொடியின் மேல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும் பரப்புக் கவர்தலையும் மறந்துவிடக் கூடாது. டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பு, நீரின் பி.எச். ஆறு அல்லது ஆறரைக்கு மேல் போனால் எதிர்மின் தன்மையும் அதற்குக் கீழே இறங்கினால் நேர்மின் தன்மையும் கொள்ளும். மெத்திலீன் புளூ நேர்மின் சாயம் என்பதால் சாதாரண நீரிலேயே பொடியோடு ஒட்டிக்கொள்ளும். விளக்கை ஏற்றாமலே நிறம் குறையும். அதனால்தான் ஒளியைக் காட்டும் முன் இருட்டில் அரைமணி நேரமாவது கலக்கி வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். ரியாக்டிவ் சாயங்களோ சல்ஃபோனேட் தொகுதிகள் நிறைந்த எதிர்மின் சாயங்கள். கடையிலிருந்து வரும் காரத் தண்ணீரில் பொடியும் எதிர்மின், சாயமும் எதிர்மின். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும்.

பாயின் முதல் கேனை ஆய்வகத்தில் திறந்தபோது இவை எல்லாம் ஒருசேர வந்து நின்றன. மெத்திலீன் புளூவை ஒரு மணி நேரத்தில் தெளியவைத்த அதே பொடி, அதே விளக்கு, கருநீலச் சாயத் தண்ணீரில் மாலை வரை ஓடியும் கண்ணுக்குத் தெரியும்படி எதையும் செய்யவில்லை. காரணங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. அவ்வளவு அடர்ந்த நிறத்தில் ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே செல்லாது. துகளுக்குச் சேர வேண்டிய ஒளியைச் சாயமே குடித்துவிடுகிறது. சோடாவிலிருந்து வந்த கார்பனேட், பிறந்த ஹைட்ராக்சில் தனியுறுப்புகளைச் சாயத்தை அடையும் முன்பே பிடித்துவிடுகிறது. கஞ்சியும் சோப்பும் தம் பங்குக்குப் பிடிக்கின்றன. அமிலம் ஊற்றிப் பி.எச். நான்கு அளவுக்கு இறக்கினால் கார்பனேட் வாயுவாக வெளியேறிவிடும், பொடியின் பரப்பும் சாயத்தை ஈர்க்கும் நேர்மின் தன்மைக்கு மாறும் என்பது ஏட்டில் சரி. ஆனால் கிளாபர் உப்பின் சல்ஃபேட்டும் அந்த நேர்மின் பரப்பில் போய் அமர்ந்துகொள்ளும். அதோடு, ஏற்கெனவே உப்பு மிகுந்த தண்ணீரில் அமிலமும் பிறகு அதை நடுநிலையாக்கக் காரமும் சேர்த்து உப்பை மேலும் ஏற்றுகிறோம். பத்து மடங்கு நீர் விட்டு நீர்த்தபோது வேகம் கூடியது. கழிவுநீரை நல்ல தண்ணீர் விட்டு நீர்ப்பதை, கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் ஊரில் ஒரு தீர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கணக்கு. சென்னையின் நண்பகல் வெயிலில், பயன்படக்கூடிய புறஊதா ஒளி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 வாட் என்று கொள்வோம். சூரிய ஒளியில் புறஊதாவின் பங்கு நான்கைந்து விழுக்காடுதான் என்பதால் இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 365 நானோமீட்டர் ஒளியாக மாற்றிப் பார்த்தால், ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 0.44 மோல் ஃபோட்டான்கள் விழுகின்றன. மீண்டும் ஒன்றுசேர்ந்து வீணாவது போக, நூறில் ஒன்று பயன்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம், மிகக் கஞ்சத்தனமானது என்று சொல்ல மாட்டேன். ஆக மணிக்கு 4.4 மில்லிமோல் வினை. எடுத்துக்காட்டுக்கு ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கறுப்புச் சாயத்தை எடுத்துக்கொண்டால் அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 992. லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தால் அது 0.1 மில்லிமோல். ஒரு மூலக்கூறுக்கு ஓர் அடி விழுந்து அசோ பிணைப்பு உடைந்தாலே நிறம் போய்விடும் என்று தாராளமாகக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் மணிக்கு 44 லிட்டரின் நிறத்தைப் போக்கும். நாளைக்கு ஆறு மணி நேர நல்ல வெயில், ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் நான்கு சதுர மீட்டர் போதும். ஒரு கட்டில் போடும் இடம்.

ஆனால் அந்த மூலக்கூறில் 26 கார்பன் அணுக்கள் உள்ளன. அவை அனைத்தும் கார்பன் டை ஆக்சைடாக வேண்டுமானால், ஒவ்வொன்றிலிருந்தும் சராசரியாக நான்கைந்து எலக்ட்ரான்களைப் பறிக்க வேண்டும். மொத்தம் நூற்றுக்கு மேல். நிறத்துக்கு ஓர் அடி போதுமென்றால் முழுச் சிதைவுக்கு நூறு அடி. அப்போது அதே ஆயிரம் லிட்டருக்கு 400 சதுர மீட்டர் வேண்டும். ஏறக்குறைய இரண்டு கிரவுண்டு நிலம். வண்ணாரப்பேட்டையில் இரண்டு கிரவுண்டு மொட்டை மாடி யாரிடம் இருக்கிறது? கஞ்சிக்கும் சோப்புக்கும் விழும் அடிகளை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. கட்டில் அளவு இடத்துக்கும் இரண்டு கிரவுண்டுக்கும் உள்ள இந்த நூறு மடங்கு வேறுபாடுதான் கண்காட்சி மேசையில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொள்வது. நிறத்தை மட்டும் அளந்தால் வேலை முடிந்ததாகத் தோன்றும். அதே தண்ணீரின் சி.ஓ.டி.யை, அதாவது அதிலுள்ள கரிமப் பொருள்களை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவை, அளந்தால் பெரும்பகுதி அப்படியே இருக்கும். சில சாயங்களில் நூறு அடி விழுந்தாலும் முடியாது. ட்ரையசின் வளையம் கொண்ட ரியாக்டிவ் சாயங்கள் சிதைந்து சிதைந்து கடைசியில் சயனூரிக் அமிலத்தில் வந்து நிற்கும். டைட்டானியம் டை ஆக்சைடால் அதற்கு மேல் அதை ஒன்றும் செய்ய முடிவதில்லை.

பொடியைத் திரும்ப எடுப்பது தனிப் பாடு. 20 நானோமீட்டர் துகள் தானாக அடியில் படியாது. ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பிரிக்கிறோம், கடையில் அது நடக்காது. பிரிக்காமல் விட்டால், சாயத்துக்குப் பதிலாக நானோ துகளைச் சாக்கடைக்கு அனுப்பியவர்களாவோம். கண்ணாடித் தகட்டிலோ மணிகளிலோ பொடியைப் பூசி ஒட்டவைக்கலாம். வினை வேகம் குறையும், ஆனால் பொடி நம்மிடமே இருக்கும். இரும்பு ஆக்சைடு உட்கரு வைத்துக் காந்தத்தால் இழுக்கும் முறையும் உண்டு, விலையைக் கேட்கக் கூடாது. துத்தநாக ஆக்சைடு மலிவு, செய்வதற்கும் எளிது. வேப்பிலைச் சாற்றிலும் முருங்கைச் சாற்றிலும் அதைத் தயாரித்ததாக வரும் மாணவர் திட்டங்களுக்கு அளவில்லை. ஆனால் அமிலத்திலும் கடுங்காரத்திலும் அது கரையும், ஒளி பட்டே மெல்ல அரிக்கப்படவும் செய்யும்; தண்ணீரில் துத்தநாகம் ஏறும். இலைச்சாற்றில் செய்ததால் இந்தக் குணம் மாறிவிடாது. நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு, 2.7 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியுள்ள கார்பன் நைட்ரைடு, பிஸ்மத் வனடேட் என்று கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் பயன்படுத்தும் பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒளியின் பங்கு கூடும்; ஆனால் ஆற்றல் இடைவெளி குறையும்போது ஆக்சிஜனேற்றும் வலுவும் பெரும்பாலும் குறைகிறது.

திருப்பூரில் சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்டபாட்டுக்குப் பிறகு, சொட்டுநீரும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் தெரிந்த செய்திகள். அங்கே பின்னர் நிலைபெற்ற வரிசையில் உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., ஆவியாக்கி, கடைசியில் மிஞ்சும் உப்பு ஆகியவை உண்டு. ஒளிவினையூக்கி அந்த வரிசையில் எதையும் நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார முடியாது. பாயிடம் என் ஆராய்ச்சியை விளக்கியபோது அவர் கேட்டதும் இதைத்தான்: “கலரு போவுது, சரி சார். உப்பு போவுமா?” போகாது. ஒரு கிராம்கூடப் போகாது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சாயத் தொட்டித் தண்ணீர் அதைப்போலப் பல மடங்கு. நான் அறிந்த ஆய்வு மாணவர் எவரும் என்னிடம் முதலில் கேட்காத கேள்வி அது.

அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. சாயமேற்றிய பிறகு துணியைப் பலமுறை அலசுகிறார்கள். முதல் தொட்டியிலும் முதல் அலசலிலும் அடர்ந்த சாயமும் உப்பும் சோடாவும் குவிந்துவிடும், அளவு குறைவு. பிந்தைய அலசல்களில் தண்ணீரின் அளவு அதிகம், ஆனால் “கடைசி அலசு தண்ணி லேசா ரோஸ் கலரு மாதிரிதான் சார் இருக்கும், அதையும் சேத்துத்தான் கொட்டுறோம்” என்றார். எனக்கு அதுவரை கொடுத்தனுப்பியவை எல்லாம் ஒன்றாகக் கொட்டிய தண்ணீர். அலசல் நீரைத் தனியே பிடித்தால் கணக்கின் ஒவ்வொரு வரியும் மாறுகிறது. சாயம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இல்லை, பத்து என்று கொண்டால் முழுச் சிதைவுக்கு 400 சதுர மீட்டர் இல்லை, 40. நானூற்று சொச்சம் சதுர அடி, ஒரு சாதாரண மாடி. நிறம் ஒளியை மறைக்காத அளவுக்கு நீர்த்த பிறகு, சாயம் மேலும் குறையக் குறைய வினையின் வேகமும் குறைவதால் உண்மையில் இதைவிட அதிகம் தேவைப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளி அடி வரை செல்லும், கார்பனேட் குறைவு, உப்பு குறைவு. இன்னொன்றும் உண்டு: இந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் அடுத்த துணியின் முதல் அலசலுக்கே பயன்படுத்துவதென்றால் முழுச் சிதைவே தேவையில்லை, புதிய துணியில் கறை பிடிக்காத அளவுக்கு நிறம் போனால் போதும். அப்போது நாம் பேசுவது மறுபடியும் கட்டில் அளவு இடத்தைப் பற்றி.

முதல் தொட்டியின் அடர்ந்த தண்ணீருக்கு இந்தப் பொடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபெரஸ் சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் இட்டுத் தெளியவைக்கும் பழைய முறை அங்கே மலிவு. கசடு சேரும், அதற்கும் போக்கிடம் தேட வேண்டும், உப்பு அப்படியே நிற்கும். அதைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவதைத் தவிர ஒரு சிறு கடையால் தனியாகச் செய்யக்கூடியது அதிகமில்லை. அலசல் நீருக்காக, பி25 பூசிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்து மேலிருந்து மெல்லிய படலமாக நீரை வழியவிடும் தட்டு ஒன்றைக் கடையின் மாடியில் பொருத்தப்போகிறோம். மழைக்காலம் முடிந்து தை பிறந்த பிறகே வெயில் நம்பும்படி இருக்கும் என்பதால் அதுவரை தகடுகளில் பூச்சு எத்தனை அலசலுக்குத் தாங்குகிறது என்பதை ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிறத்தோடு சி.ஓ.டி.யையும், வெளியேறும் நீரில் டைட்டானியம் இருக்கிறதா என்பதையும் அளப்பதாக ஏற்பாடு. பாய் தம் பங்குக்கு, அலசல் நீருக்கென்று மூடியுள்ள நீல டிரம் இரண்டை வாங்கித் தனியே வைத்துவிட்டார்.